சிவப்புக் காரின் அடிப்பக்கம்

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதுவது. நானும் உங்கள் தங்கையும் நலமாக இருக்கிறோம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன். உண்மையில் உங்கள் தங்கை மட்டும்தான் நலம். எனக்கு வலது கட்டைவிரல் நகத்துக்கடியில் ஆறு வாரமாகச் சிவப்புப் பெயின்ட், இடது கண்ணில் எரிச்சல், குனிந்தால் நிமிர யோசிக்கிற இடுப்பு. அங்கே உங்கள் சர்க்கரை, அக்காவின் முழங்கால், கிணற்று மோட்டார் மூன்றும் சொன்னபடி கேட்டுக்கொண்டிருக்கும் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தோடு ஒரு பெட்டி வரும். கடிதத்தைக் கடைசி வரை படிக்காமல் பெட்டியைத் திறக்க வேண்டாம். திறந்துவிட்டீர்கள் என்றால் தயவுசெய்து மூடிவிட்டுப் படியுங்கள். போனில் சொல்லித் தொலைத்தால் என்ன என்று கேட்பீர்கள். போனில் நான் முதல் வாக்கியத்தை முடிப்பதற்குள் நீங்கள் மூன்றாவது கேள்விக்குப் போய்விடுவீர்கள், முப்பத்தெட்டு வருடமாக அப்படித்தான் நடக்கிறது. கடிதத்தில் உங்களுக்கு அந்த வசதி கிடையாது.

ஆறு வாரத்துக்கு முன்னால் உங்கள் பார்சல் வந்தது. அட்டைப் பெட்டி, அதற்குள் பஞ்சு, பஞ்சுக்குள் உங்கள் பழைய கைக்குட்டை, கைக்குட்டைக்குள் உள்ளங்கையில் அடங்குகிற ஒரு சிவப்புப் பொம்மைக் கார். கூடவே கோடு போட்ட தாளில் உங்கள் குறிப்பு. நில அளவைத் துறையில் ஆயுளைக் கழித்தவர் என்பதை ஒவ்வொரு வரியிலும் நிரூபித்திருந்தீர்கள். ஒன்று, நீளம் ஏழு புள்ளி இரண்டு சென்டிமீட்டர். இரண்டு, அகலம் மூன்று. மூன்று, உயரம், சக்கரம் உட்பட, இரண்டு புள்ளி நான்கு. நான்கு, முன்பக்க வலது சக்கரம் கோணல், கூரையில் பெயின்ட் உதிர்ந்திருக்கிறது, கண்ணாடி மங்கல். ஐந்து, புதிது போல ஆக்கித் திருப்பி அனுப்பவும். ஆறாவதாக ஒரே ஒரு வரி: ‘இது அவனிடம் கொடுக்க வேண்டியது.’ அந்த ஆறாவது வரியில் அளவு எதுவும் இல்லை. அதனால்தான் என்னால் முடியாது என்று திருப்பி அனுப்பாமல் ஒப்புக்கொண்டேன். வினையும் அங்கேதான் ஆரம்பித்தது.

அந்தக் காரின் கதை உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இருந்தாலும் நான் விஷயத்தைச் சரியாகப் புரிந்துகொண்டுதான் வேலையில் இறங்கினேன் என்பதற்காக எழுதுகிறேன். உங்கள் மகனுக்கு அப்போது ஏழு வயது. நாளைக்குப் பரீட்சை, இவன் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் படுத்துக் கார் ஓட்டிக்கொண்டிருந்தான். நீங்கள் பிடுங்கி மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டி, முதல் ரேங்க் வாங்கிவிட்டு வந்து எடுத்துக்கொள் என்றீர்கள். அவன் இரண்டாவது ரேங்க் வாங்கினான். நீங்கள் சொன்ன சொல் தவறாதவர். மேஜை உங்களோடு ஐந்து ஊர் மாறியது, கார் அதற்குள்ளேயே முப்பத்தோரு வருடம் இருந்தது. அவன் வளர்ந்து, படித்து, வெளிநாடு போய், இந்த எட்டு வருடமாக நீங்கள் போனை எடுத்தால் “அம்மாகிட்ட குடுங்க” என்ற இரண்டு சொல்லோடு நிறுத்திக்கொள்கிறான். வருகிற ஞாயிற்றுக்கிழமை வருகிறான். நீங்கள் அவனிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் இந்தக் காரைக் கொடுக்கலாம் என்று நினைத்திருக்கிறீர்கள். இது எனக்குப் புரியாமல் இல்லை மச்சான். புரிந்ததால்தான் காரைத் திரும்பக் கைக்குட்டையில் சுற்றி இரண்டு நாள் அப்படியே வைத்திருந்தேன்.

எனக்கு இந்தப் பொழுதுபோக்கு எப்படி வந்தது என்று நீங்கள் கேட்டதே இல்லை, இப்போது கேட்கப்போகிறீர்கள். அச்சகத்தில் முப்பத்து நான்கு வருடம் பிழை திருத்திய மனுஷன். ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் உட்கார்ந்து மருந்துச் சீட்டு, சோப்பு உறை, உங்கள் தங்கை எழுதுகிற சாமான் பட்டியல் எல்லாவற்றையும் திருத்திக்கொண்டிருந்தேன். “கைக்கு ஏதாவது வேலை குடுங்க, இல்லேன்னா நான் எங்கேயாவது கிளம்பிடுவேன்” என்றாள். எங்கள் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார், அவருக்கு இந்தப் பைத்தியம் ஏற்கெனவே உண்டு. பழைய உலோகப் பொம்மைக் காரைக் கழற்றி, பெயின்ட்டை உரித்து, தேய்த்து, புதுப் பெயின்ட் அடித்து, கண்ணாடி சக்கரம் மாற்றி, கடையிலிருந்து வந்த மாதிரி ஆக்குவது. அவர் என்னையும் இழுத்துவிட்டார். உங்கள் காருக்கு முன்னால் பதினோரு கார் செய்திருந்தேன். மூன்று நன்றாக வந்தன. இதை உங்களிடம் சொல்லாமல் மறைத்தது என் முதல் குற்றம்.

இந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு காரைச் சரிசெய்யப் போகிறவன் அதே மாடலில் இன்னொரு குப்பைக் காரையும் தேடி வாங்குவான். அதன் சக்கரத்தையும் கண்ணாடியையும் பிடுங்கி நல்ல காருக்குப் போட. அதற்கு உதிரிக் கார் என்று பெயர். பழைய சாமான் கடைக்காரர் ஒருவர் மூன்று கூடை கவிழ்த்து எனக்கு ஒன்று தேடிக் கொடுத்தார். கொண்டுவந்து மேஜையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அதே சிவப்பு, அதே கூரை உதிர்வு, அதே மங்கல் கண்ணாடி. ஒரு வயிற்றுப் பிள்ளைகள். உங்கள் காரைச் செய்தித்தாள் மேலும், உதிரியை வெறும் மேஜை மேலும் வைத்தேன். பிறகு உங்கள் காரை முன், பின், இரண்டு பக்கம், மேல், கீழ் என்று ஆறு போட்டோ எடுத்தேன். முதல் புரூஃபை எடுத்து வைக்காமல் திருத்த ஆரம்பிக்கக் கூடாது என்பது அச்சகத்துப் பாடம். எடுத்தேனே தவிர, ஒன்றையாவது உற்றுப் பார்த்தேனா என்றால் இல்லை. பார்க்க வேண்டியது கைக்கு வேலை முடிந்த பிறகு என்று நினைத்துவிட்டேன்.

மறுநாள் காலை மேஜைக்கு வந்தால் உதிரிக் காரைக் காணோம். செய்தித்தாள் மேல் உங்கள் கார் மட்டும் இருந்தது. முதல் நாள் கோணலாகத் தெரிந்த சக்கரம் இன்றைக்கு நேராகத் தெரிந்தது, கண்ணாடி போடாமல் பார்த்திருப்பேன் என்று விட்டுவிட்டேன். கட்டில் அடி, பீரோ அடி, குப்பைக் கூடை, துணி துவைக்கிற மெஷின் எல்லாம் தேடி, கடைசியில் வழக்கம்போல உங்கள் தங்கையின் மேல் பாய்ந்தேன். அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே, “பெருக்கும்போது போயிருக்கும். என் தப்புதான்” என்றாள். மச்சான், கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடத்தில் அந்த வாயிலிருந்து ‘என் தப்புதான்’ என்ற சொல் வந்து நான் கேட்டதே இல்லை. அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். நான் ஜெயித்த சந்தோஷத்தில் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன்.

சரி, வேலைக்கு வருகிறேன். பொம்மைக் காரின் மேல் உடம்பையும் அடித்தகட்டையும் இரண்டு ரிவெட் பிடித்திருக்கும். அதைத் துளைபோட்டுத்தான் எடுக்க வேண்டும். பல் டாக்டர் தன்னுடைய பழைய துளைக்கிற கருவியோடு கீழே வந்து, காரைப் பார்த்து “வலிக்காது” என்று சொல்லிவிட்டு ஆரம்பித்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் பழக்க தோஷத்தில் நடுநடுவே “வாயைக் கொப்புளிங்க” என்று என்னைப் பார்த்துச் சொன்னார், நானும் ஒரு தடவை எழுந்து போய்க் கொப்புளித்தேன். கார் நாலு துண்டாகக் கழன்றது. மேல் உடம்பைப் பெயின்ட் உரிக்கிற திரவத்தில் ஊறப்போட ஒரு மூடி போட்ட பாட்டில் தேவைப்பட்டது. உங்கள் தங்கை தையல் பொத்தான்கள் போட்டு வைத்திருந்த பாட்டில் கண்ணில் பட்டது. பொத்தான்களை ஒரு காகிதத்தில் கொட்டிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அவள் கோட்டுக்குத் தைக்க வைத்திருந்த பொத்தான்கள் ஒன்பது உள்ளேயே ஒட்டிக்கொண்டிருந்ததை மறுநாள் அவை கரைந்து காரோடு ஒன்றான பிறகுதான் பார்த்தேன். அதைச் சுரண்டி எடுக்க இரண்டு நாள். உங்கள் தங்கையின் குளிர் கோட்டு இப்போது ஊக்கில்தான் நிற்கிறது.

பிறகு அந்த அடித்தகடு. இங்கேதான் மச்சான், இங்கேதான். கன்னங்கரேல் என்று அழுக்கு மண்டிக் கிடந்தது. பல் டாக்டர் இரவல் கொடுத்த கையடக்கக் கிரைண்டரில் பித்தளைப் பிரஷ்ஷை மாட்டினேன். மூன்றே நிமிடம். முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளப்பு. நானே எனக்கு ஒரு சபாஷ் போட்டுக்கொண்டேன். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

பெயின்ட் கடைக்காரரிடம் சிவப்பு வேண்டும் என்றால் “எந்தச் சிவப்பு சார்?” என்றார். போனில் போட்டோ காட்டினேன். கடைக்குள் ஒரு சிவப்பு, வாசலில் ஒரு சிவப்பு, பஸ் நிறுத்தத்தில் வேறு ஒரு சிவப்பு. கடைசியில் பதினேழு சிவப்பு டப்பா மூடிகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டேன். பால்கனியில் அட்டைப் பெட்டிக்குள் காரை வைத்து ஸ்ப்ரே அடித்தேன். காற்று எதிர்ப்பக்கம் அடித்ததை நான் கவனிக்கவில்லை, கீழ்வீட்டு நர்ஸ் அம்மாவின் வெள்ளைச் சீருடை கவனித்தது. அவர் மேலே வந்து, “ஆஸ்பத்திரியில என்னைப் பார்த்து நோயாளிங்க பயப்படுறாங்க சார்” என்றார். சத்தம் போட்டிருந்தால் கூடப் பரவாயில்லை, மெதுவாகச் சொன்னார். அன்றைக்கு நானே அந்தச் சீருடையைத் துவைத்தேன். மேல் உடம்பு காய்வதற்குள் ஒரு ஈ வந்து கூரையில் உட்கார்ந்து, எழுந்திருக்க முடியாமல் அங்கேயே நின்றுவிட்டது. மறுபடி உரிப்பு, மறுபடி தேய்ப்பு, மறுபடி சிவப்பு. கண்ணாடியைப் பல்பசை போட்டு மெருகேற்றினேன், பளிச்சென்று வந்தது. அதை உடனே ஒட்டுகிற பசையால் ஒட்டினேன், அதன் ஆவி பட்டு முழுக்கப் பனி மூடிவிட்டது. எந்தக் கற்றுக்குட்டியும் செய்யாத தவறு என்று பல் டாக்டர் சொல்லிவிட்டுத் தானும் இரண்டு தடவை செய்ததை ஒப்புக்கொண்டார். ரிவெட்டுக்குப் பதிலாகப் போட்ட திருகாணி கொஞ்சம் நீளமாகி, முறுக்கியதும் முன்மூடியில் பரு மாதிரி எட்டிப் பார்த்தது. மறுபடி உரிப்பு. இத்தனை தேய்ப்பில் கார் கொஞ்சம் இளைத்திருக்கும், நீங்கள் தயவுசெய்து ஸ்கேலை எடுக்க வேண்டாம்.

நேற்றுத்தான் முடிந்தது. சும்மா சொல்லக் கூடாது மச்சான், கடை ஜன்னலிலிருந்து எடுத்த மாதிரி இருந்தது. விரலால் தள்ளினால் மேஜையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குச் சத்தமில்லாமல் ஓடியது. நான் என்னை மறந்து நாலு தடவை ஓட்டினேன். ஒரு தடவை வாயால் இன்ஜின் சத்தம் கூடக் கொடுத்தேன், உங்கள் தங்கை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். பிறகு பழைய போட்டோவையும் புதுக் காரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று போனை எடுத்தேன். முன்பக்கம், பின்பக்கம், மேலே எல்லாம் பார்த்துவிட்டு ஆறாவது படத்துக்கு வந்தேன். அடிப்பக்கம். அழுக்குக்குள்ளே ஏதோ கீறல். பெரிதாக்கினேன். கீறல் இல்லை, எழுத்து. யாரோ ஊசியால் கீறி எழுதியிருக்கிறார்கள். ஏழு வயதுக் கை என்று எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

என்ன எழுதியிருந்தது என்பதை நேற்று முழுக்க எழுத வேண்டாம் என்றே நினைத்தேன். இப்போதும் மனசு வரவில்லை. ஆனால் அதை அழித்தவன் நான், சொல்லவும் நான்தான் வேண்டும். ‘அப்பா தொடக்கூடாது.’ அவ்வளவுதான்.

நீங்கள் பிடுங்குவதற்கு முன்னாலேயே பயந்து எழுதி வைத்திருக்கிறான் மச்சான். நீங்கள் நீளம் அகலம் உயரம் எல்லாம் அளந்தீர்கள், ஒரு தடவை திருப்பிப் பார்க்கவில்லை. உங்களைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? ஆயிரக்கணக்கான பக்கம், ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்துப் பிழைத்தவன் நான். என் வாழ்க்கையில் கட்டாயம் படித்திருக்க வேண்டிய இரண்டே இரண்டு சொல், அதைப் படிக்காமல் மூன்று நிமிடத்தில் தேய்த்து அழித்துவிட்டு எனக்கே சபாஷ் போட்டுக்கொண்டேன். அந்தக் காரில் அவனுடையது என்று இருந்தது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் எந்தத் தொழிற்சாலையிலோ செய்தது. இப்போது நீங்கள் அவனிடம் நீட்டினால் அவன் திருப்பிப் பார்ப்பான். நிச்சயம் பார்ப்பான், நானாக இருந்தால் முதலில் அதைத்தான் பார்ப்பேன். அங்கே அவன் முகம்தான் தெரியும். முப்பத்தோரு வருடம் கழித்தும் அப்பா தொட்டு அழித்துவிட்டார் என்று நினைப்பான்.

திரும்ப எழுதிவிடலாம் என்று முயற்சி செய்யாமல் இல்லை. இன்று காலை டப்பா மூடிகளில் ஊசியால் நாற்பது தடவை எழுதிப் பார்த்தேன். அறுபத்து நாலு வயதுக் கைக்கு ஏழு வயதுக் கோபம் வரவில்லை. அழகாக வருகிறது, அதுதான் பிரச்சினை. ஆகவே காரை உள்ளபடியே அனுப்புகிறேன். அழித்தது மாமா என்று என் பேரைச் சொல்லிவிடுங்கள். நான் அவனுக்குத் தனியாக மன்னிப்புக் கடிதம் எழுதுகிறேன். உங்களிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. களைத்துப் போனேன் மச்சான், இனிமேல் பொம்மைக் காரைத் தொடுவதில்லை என்று கிரைண்டரைப் பல் டாக்டரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அக்காவுக்கு என் அன்பையும், வருகிற பிள்ளைக்கு என் ஆசியையும் தெரிவியுங்கள். எல்லோரும் நீண்ட நாள் இருந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசி, நிம்மதியாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
குனிந்த தலையோடு,
உங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: மேலே எழுதிய முக்கால்வாசியையும் அடித்துவிட்டுப் படிக்கவும். கூரியர்காரர் ஐந்து மணிக்குக் கடையை மூடிவிடுவார், புதிதாக எழுத நேரமில்லை. கடிதத்தை உறையில் போடும் முன் உங்கள் தங்கை வாங்கிப் படித்தாள். எதையும் படிக்காமல் வெளியே விடமாட்டாள், அவளைத்தான் அச்சகத்துக்கு அனுப்பியிருக்க வேண்டும். படித்து முடித்துவிட்டு உள்ளே போய்த் தையல் மெஷின் இழுப்பறையைத் திறந்து, ஒரு துணி முடிச்சைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். அவிழ்த்தால் உங்கள் கார். கோணல் சக்கரம், உதிர்ந்த கூரை, மங்கல் கண்ணாடி, அடிப்பக்கம் அழுக்கோடு அந்த இரண்டு சொல், எல்லாம் அப்படியே. நான் ஆறு வாரமாக உரித்ததும் தேய்த்ததும் அந்த உதிரிக் காரை. போட்டோ எடுத்த அன்றைக்கே இவள் மாற்றி வைத்துவிட்டாள்.

“ஏன் சொல்லலை?” என்றேன். “ஒரு வேலையில இறங்கினா நீங்க யார் சொன்னாக் கேட்டீங்க? எப்படியும் ஏதாவது ஒண்ணு பாழாகப் போகுது. அது அண்ணனோடதா இருக்க வேண்டாம்னு பார்த்தேன்” என்றாள். அடியில் எழுதியிருப்பது உனக்கு எப்படித் தெரியும் என்றேன். “அன்னிக்கு நான் அங்கேதானே இருந்தேன். ‘அத்தை, ஊசி குடுங்க’ன்னு கேட்டான். நான்தான் குடுத்தேன். எழுதி முடிச்சிட்டு என்கிட்ட காட்டி, ‘சரியா இருக்கா’ன்னு கேட்டான்.” நானும் இப்போது கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்துவிட்டேன் மச்சான். சரியாகத்தான் இருக்கிறது. ஒரு பிழை இல்லை.

பெட்டியில் இரண்டு காரும் இருக்கின்றன. பழையது அவனுக்கு. நீங்கள் உங்கள் கையால் எடுத்து நீட்ட வேண்டாமாம், அடிப்பக்கம் மேலே தெரிகிற மாதிரி சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டுமாம், உங்கள் தங்கையின் உத்தரவு. அப்படியானால் நான் செய்த புதுக் கார் எதற்கு என்று கேட்டேன். அவள் பெட்டியை ஒட்டிக்கொண்டே சொன்னதை அப்படியே எழுதிவிடுகிறேன்: “அது அண்ணனுக்கு. ஆளுக்கு ஒண்ணு. ரெண்டு பேரையும் சண்டை போடாம விளையாடச் சொல்லுங்க.”